எத்தனை பேர் வந்தால் முடிவு செல்லும்? நான்கு நாட்டு வாக்கெடுப்பு விதிகள்

பொது வாக்கெடுப்பு என்றால் கேள்வியின் வாசகத்தை வைத்துத்தான் சண்டை நடக்கும். எனக்கு அதைவிடப் பெரிய வில்லங்கமாகத் தெரிவது, எத்தனை பேர் ஓட்டுப் போட்டால் முடிவு செல்லும் என்கிற விதி.

இத்தாலியில் 5 லட்சம் வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் ஒரு சட்டத்தை நீக்கச் சொல்லி வாக்கெடுப்பு கேட்கலாம். மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் வராவிட்டால் முடிவு செல்லாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரில் 100 வாக்காளர், 45 பேர் 'ஆம்', 10 பேர் 'வேண்டாம்' என்றால் 55 பேர் வந்தாயிற்று, 'ஆம்' ஜெயித்தது. அந்த 10 பேரும் வீட்டிலேயே இருந்திருந்தால் வந்தவர் 45 பேர்தான், எல்லாம் செல்லாது. எதிர்ப்பவர் வந்து ஓட்டுப் போட்டதாலேயே தோற்கிறார்! இது அங்கே எல்லோருக்கும் தெரியும். 2005-ல் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பற்றிய வாக்கெடுப்பில் கத்தோலிக்க ஆயர்களின் தலைவரே போகாதீர்கள் என்றார், கால்வாசிப் பேர்தான் வந்தார்கள். 2025 ஜூனில் பிரதமர் மெலோனி சாவடிக்குப் போய் வாக்குச்சீட்டை வாங்காமல் திரும்பினார். வருகை 30 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அப்புறம் ரகசிய வாக்கு என்ன ஆவது? ஒரு தரப்பு முழுக்க வீட்டில் இருந்தால், சின்ன ஊரில் சாவடிப் பக்கம் போகிறவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடாதா?

சுவிட்சர்லாந்தில் இந்தத் தலைவலி இல்லை. எத்தனை பேர் வந்தாலும் செல்லும், பல முறை பாதிப் பேர்கூட வருவதில்லை. அரசியலமைப்பைத் திருத்த மட்டும் மக்களில் பெரும்பான்மையோடு மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும். 2020-ல் நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய முன்மொழிவு 50.7 சதவீதம் பெற்றும் மாநிலக் கணக்கில் விழுந்தது. ஊரி மாதிரி குட்டி மாநிலத்து ஓட்டுக்கு சூரிச் ஓட்டைவிடப் பல மடங்கு கனம், அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் எண்ணப்படுவது போட்ட ஓட்டு மட்டுமே, வராதவர் இல்லை.

ஸ்காட்லாந்தில் 1979-ல் இன்னொரு வழி: தனிச் சட்டமன்றத்துக்கு மொத்த வாக்காளரில் 40 சதவீதம் 'ஆம்' சொல்ல வேண்டும் என்றார்கள். போட்டவர்களில் 51.6 சதவீதம் 'ஆம்', மொத்தத்தில் 32.9 தான், கிடைக்கவில்லை. கறாரான அளவு. ஆனால் எதிர்ப்பவர் வந்து ஓட்டுப் போடுவதால் அவருக்கு நஷ்டமில்லை, அந்த வகையில் இத்தாலியைவிட மேல்.

இதில் எனக்குப் பிடித்தது இலங்கை அரசியலமைப்பின் 85-ஆம் பிரிவு. செல்லுபடியான வாக்குகளில் பெரும்பான்மை போதும். ஆனால் செல்லுபடியான வாக்குகள் மொத்தமாகவே பதிவான வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாவிட்டால், மொத்த வாக்காளரில் மூன்றில் ஒரு பங்காவது 'ஆம்' சொல்லியிருக்க வேண்டும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இதில் வீட்டில் இருந்து காரியம் சாதிக்க வழியில்லை, 'வேண்டாம்' என்று போடும் ஓட்டு ஒருபோதும் 'ஆம்' பக்கத்துக்கு உதவாது.

ஆனால் இதே விதியின் கீழ்தான் 1982 டிசம்பரில், பொதுத்தேர்தலே வைக்காமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டிக்கலாமா என்று ஜெயவர்த்தனா அரசு கேட்டது. வாக்குச்சீட்டில் விளக்குச் சின்னம் என்றால் சரி, குடம் என்றால் வேண்டாம். யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டும் நாடு முழுக்க விளக்கு 54.7 சதவீதம் வாங்கியது. அளவுகோல் எவ்வளவு சரியாக இருந்தாலும், தன் பதவிக்காலத்தை நீட்டிக்கும் கேள்வியை ஆளுங்கட்சி வாக்கெடுப்புக்கு விடக்கூடாது என்று தனியாக எழுதி வைத்தால்தான் உண்டு.