சிம்பாட்: வெண்குறுமீன் தேடுவோர் எதை நம்பலாம், எதைத் தாமே திருத்த வேண்டும்

துடிக்கும் வெண்குறுமீன் (எரிந்து முடிந்து சுருங்கிய, ஒளி ஏறி இறங்கும் விண்மீன்) ஒன்றை ஒளியளக்கத் திட்டமிடுகிறவர் முதலில் திறக்க வேண்டிய தளம், வான் பொருள்களின் பெயரும் இருப்பிடமும் தரும் சிம்பாட். ஸ்ட்ராஸ்பூர்க் வானியல் தரவு மையம் நடத்துவது, கட்டணம் இல்லை.

பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பதில் இதற்கு இணை இல்லை. ஜி 29-38, இசட்இசட் பிசியம், டபிள்யூடி 2326+049 மூன்றும் ஒரே விண்மீன். எதை இட்டாலும் ஒரே பக்கம் வரும். டபிள்யூடி எண்ணையே இருப்பிடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் இலக்கங்கள் இருப்பிடத்தைக் குறித்தாலும், பி1950 என்னும் 1950-ஆம் ஆண்டின் அச்சுகளில் அமைந்தவை. ஜே2000-இல், அதாவது 2000-ஆம் ஆண்டுக்கான கணக்கில், அந்த விண்மீன் வல ஏற்றம் (வானின் கிழக்கு-மேற்கு அளவு) 23 மணி 28 நிமிடம் 47.6 நொடி, நடுவரை விலக்கம் (வடக்கு-தெற்கு அளவு) +5 பாகை 14 கலை 54 விகலை (பாகையில் 60-இல் ஒரு பங்கு கலை, கலையில் 60-இல் ஒரு பங்கு விகலை). வித்தியாசம் அரைப் பாகைக்கும் மேல்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். பக்கத்தில் ஐசிஆர்எஸ் என்றும் ஜே2000 என்றும் சேர்ந்தே இருக்கும். ஐசிஆர்எஸ் என்பது தொலைதூரக் குவாசர்களை (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களை) வைத்து நிறுத்திய அச்சுகள்; அவை நகர்வதில்லை. ஜே2000 என்பது விண்மீன் அந்த இடத்தில் இருந்த காலம். ஜி 29-38 ஆண்டுக்கு 0.48 விகலை தென்மேற்கே நகர்கிறது. 2026-இல் சிம்பாட் காட்டும் இடத்திலிருந்து 12 விகலை தள்ளி நிற்கும். ஒளியை அளக்கப் படத்தில் இடும் 5 விகலை ஆரமுள்ள அளவு வட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அங்கே வைத்தால் வெறும் வானம்தான் பதியும். பத்து நிமிட அளவிலான துடிப்பு எதுவும் தெரியாது.

வெளியீட்டு அமைப்பில் காலத்தை 2026 என்று மாற்றினால் தளமே கணக்கிட்டுத் தரும். கையால் கணக்கிடுவோர் கவனிக்க: வல ஏற்றத்துக்கான நகர்வில் நடுவரை விலக்கத்தின் கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கிறது, அதனால் வகுக்க வேண்டும். 5 பாகையில் பெரிதாகத் தெரியாது. 60 பாகையில் பிழை இரண்டு மடங்கு. கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில், மூன்றாம் வெளியீட்டின் இருப்பிடம் 2016.0-க்கு உரியது. அதை 2000 என்று எண்ணி நகர்த்தினால் 16 ஆண்டு நகர்வு கூடுதலாகச் சேரும்.

தொலைநோக்கித் தாங்கி இன்றைய தேதியின் அச்சுகளைக் கேட்கும் வகையானால் அயன சலனத்தையும் (புவியின் அச்சு மெல்லத் திரும்புவதால் அச்சுகள் நகர்வதையும்) சேர்க்க வேண்டும். 26 ஆண்டில் அது சுமார் 22 கலை.

துடிப்புக் காலங்களுக்கு சிம்பாட்டை நம்ப வேண்டாம். பக்கத்தின் கட்டுரைப் பட்டியல் வழியே போங்கள். கையா கண்ட வெண்குறுமீன்கள் எல்லாமும் இங்கே இல்லை, அவற்றுக்கு அதே மையத்தின் பட்டியல் தொகுப்பான விசியர்தான். புலப்படத்துக்கு (விண்மீன் இருக்கும் வான்பகுதியின் படத்துக்கு) அதே மையத்தின் படம் காட்டும் கருவியான அலாடின் போதும். ஆனால் 1950களில் பாலோமர் வானாய்வகம் எடுத்த ஒளிப்படத் தட்டில் ஜி 29-38, சிம்பாட் இருப்பிடக் குறியிலிருந்து ஏறத்தாழ 20 விகலை வடகிழக்கே இருக்கும். அது தட்டின் பிழை அல்ல, விண்மீன் அப்போது அங்கேதான் இருந்தது.