வழக்கறிஞர் அலுவலகத்தில் செயற்கை நுண்ணறிவு: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஏழு வழக்கறிஞர்கள் பணிபுரியும் எங்கள் அலுவலகத்தில் ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவை, அதாவது கேட்டதற்குத் தானே பதில் எழுதித் தரும் மென்பொருளை, பயன்படுத்தத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பொதுப் பயன்பாட்டுக்கான உரையாடல் மென்பொருள் ஒன்றையும், தீர்ப்புத் தொகுப்புடன் இணைத்துச் சட்டத்துறைக்கென்றே விற்கப்படும் மென்பொருள் ஒன்றையும் சந்தா செலுத்தி வைத்திருக்கிறோம். முதல் மாதத்தில் எழுதியிருந்தால் இது பாராட்டுரையாகவும், ஆறாவது மாதத்தில் எழுதியிருந்தால் புகார் மனுவாகவும் அமைந்திருக்கும்.

தொடக்கத்தில் எங்கள் சீனியருக்கு இதில் சிறிதும் விருப்பமில்லை. 2023-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் மாட்டா எதிர் அவியான்கா வழக்கில் நடந்ததை அவர் படித்திருந்தார். அந்த வழக்கில் விமான நிறுவனத்துக்கு எதிராக வாதிட்ட தரப்பு, சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை முன்தீர்ப்புகளாக (வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் முந்தைய தீர்ப்புகளாக) தாக்கல் செய்ய, நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அத்தீர்ப்புகள் உண்மையானவையா என்று வழக்கறிஞர் அதே மென்பொருளிடமே கேட்டிருக்கிறார், அதுவும் உண்மைதான் என்று கூசாமல் சாட்சி சொல்லியிருக்கிறது என்பதுதான் சீனியரை மிகவும் உறுத்தியது. ஆகவே, எந்த மேற்கோளானாலும் மூலத் தீர்ப்பைத் தேடி எடுத்துப் பார்த்த பிறகே வரைவில் சேர்க்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் அனுமதித்தார்.

அந்த நிபந்தனை போதுமானது என்று நாங்கள் நம்பியது தவறு. இல்லாத தீர்ப்பைக் கண்டுபிடிப்பது எளிது. தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். எங்களைத் தடுமாற வைத்தது உண்மையிலேயே இருந்த ஒரு தீர்ப்பு. வழக்குத் தொடர வேண்டிய காலவரையறை குறித்த எதிருரை (எதிர்த்தரப்பு மனுவுக்கான பதில்) ஒன்றில் மென்பொருள் எடுத்துக் கொடுத்த முன்தீர்ப்பின் பெயர், ஆண்டு, பக்க எண், மேற்கோள் காட்டிய வரி ஆகிய நான்கும் சரியாக இருந்தன. தாக்கல் செய்வதற்கு முந்தைய நாள் மாலை ஜூனியர் ஒருவர் தீர்ப்பை முழுவதுமாகப் படித்தபோதுதான், அந்த வரி தோற்ற தரப்பின் வாதத்தை நீதிபதி தம் தீர்ப்பில் சுருக்கி எழுதியது என்பதும், அடுத்த பக்கத்திலேயே அவர் அதை நிராகரித்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. அதாவது, எங்களுக்கு எதிரான தீர்ப்பை நாங்களே எடுத்துக் கொடுக்க இருந்தோம். அதன் பிறகு மாறுபட்ட நீதிபதியின் சிறுபான்மைத் தீர்ப்பைப் பெரும்பான்மை முடிவாகக் காட்டியது, பின்னாளில் மேல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்ட தீர்ப்பை நடப்புச் சட்டமாகச் சொன்னது என இதே வகைப் பிழைகளைப் பலமுறை பிடித்திருக்கிறோம்.

சட்டத்துறைக்கென்று தயாரிக்கப்பட்ட மென்பொருளில் இந்தத் தொல்லை இருக்காது என்று விற்பனைப் பிரதிநிதி உறுதி கூறினார். உண்மையான தொகுப்பிலிருந்து எடுத்துத் தருவதால் தொல்லை குறைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்ததைச் சுருக்கி எழுதும் இடத்தில் அதுவும் அடுத்த சொல்லைக் கணித்து எழுதும் இயந்திரமே. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னணிச் சட்ட ஆய்வு மென்பொருள்களைச் சோதித்தபோது, கேட்ட கேள்விகளில் 17 முதல் 33 சதவீதம் வரையானவற்றுக்குத் தவறான அல்லது ஆதாரம் பொருந்தாத பதில்கள் கிடைத்தன. எங்கள் அனுபவம் அந்த எண்ணிக்கையோடு முரண்படவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் விட்டுவிடவில்லை என்றால், காரணம் கேஸ் கட்டுகள்தான். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டு, எங்கள் கையில் இருக்கும் ஆவணங்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும் மென்பொருளின் மதிப்பு மாறிவிட்டது. கட்டுமான ஒப்பந்தத் தகராறு ஒன்றில் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்தைக் கொடுத்து, நிகழ்வுகளைத் தேதிவாரியாக, ஒவ்வொரு வரிக்கும் பக்க எண்ணுடன் எழுதித் தரும்படி கேட்டோம். இரண்டு ஜூனியர்கள் ஒரு வாரம் செய்யும் வேலையின் முதல் வரைவு ஒரு பிற்பகலில் கிடைத்தது. பக்க எண் இருந்ததால் சரிபார்க்க இரண்டு நாட்கள் போதுமாயின. ஒரே சாட்சி பிரமாண வாக்குமூலத்தில் சொன்னதற்கும் முன்பு கடிதத்தில் எழுதியதற்கும் உள்ள முரண்களைத் தேடுவதிலும், எதிர்த்தரப்பு திருத்தி அனுப்பிய ஒப்பந்தத்தில் இழப்பீட்டு ஷரத்து எங்கெல்லாம் சத்தமில்லாமல் மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒப்பிடுவதிலும் இது கெட்டிக்கார உதவியாளர்.

அங்கும் குறைகள் உண்டு. நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகளை அது சில நேரம் தவறாகப் படித்துவிடும். கையெழுத்துப் பிரதிகளில் தெளிவில்லாத சொல்லை ஊகித்து நிரப்பிவிட்டு அதைச் சொல்லாமல் இருந்துவிடும். மிக நீண்ட கட்டை ஒரே மூச்சில் கொடுத்தால் நடுப்பகுதியிலுள்ள ஆவணங்கள் விடுபடுகின்றன என்பதைக் கண்டபின், நூறு பக்கங்களாகப் பிரித்தே கொடுக்கிறோம். ஓர் ஆவணம் கட்டில் இல்லை என்று அது சொன்னால், அதை மட்டும் நாங்கள் நம்புவதே கிடையாது.

எவரும் முன்கூட்டி எச்சரிக்காத இன்னொரு குணம், ஆமாம் சாமி போடுவது. எங்கள் தரப்பு வலுவானதா என்று கேட்டால் வலுவானது என்று பத்துக் காரணங்களை அடுக்கும். எதிர்த்தரப்புக்காக அதே கேள்வியைக் கேட்டால் அவர்களுக்கும் பத்துக் காரணங்களைத் தரும். கட்சிக்காரர்களுக்கே இப்படிச் சொல்லும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. இப்போது வாதுரை முடிந்ததும், எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நின்று அதைத் தாக்கும்படி கேட்கிறோம். வரும் பதிலில் பாதி பயனற்றதாக இருந்தாலும், நாங்கள் காணத் தவறிய ஓரிரு ஓட்டைகளை அது காட்டிய வழக்குகள் உண்டு.

கட்சிக்காரரின் ரகசியம் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன்: இலவசக் கணக்குகளில் எந்த ஆவணத்தையும் ஏற்றக் கூடாது என்பது எங்கள் விதி, சந்தாக் கணக்கிலும், நாங்கள் கொடுப்பதை மென்பொருளின் பயிற்சிக்குப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட்டோம். கட்டணக் கேள்விதான் அலுவலகத்தில் உண்மையான சச்சரவை எழுப்பியது. ஒரு வாரத்து வேலை இரண்டரை நாட்களில் முடிந்தால், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் அலுவலகம் எதற்குக் கட்டணம் கேட்பது? அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட 512-ஆம் எண் நெறிமுறைக் கருத்துரை, உண்மையில் செலவிட்ட நேரத்துக்கு மட்டுமே அவ்வாறு கட்டணம் கேட்கலாம் என்கிறது. நாங்களும் அதையே பின்பற்றி, காலவரிசை தயாரிப்புக்கு மட்டும் நிலையான தொகைக்கு மாறினோம்.

என் மனத்தில் இன்னும் தீராதது ஜூனியர்களின் பயிற்சி. அந்தக் காலவரையறைத் தீர்ப்பில் இருந்த பொறியைப் பிடித்தவர், மென்பொருள் வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் தீர்ப்புகளைத் தொடக்கம் முதல் இறுதி வரை படித்துக் குறிப்பெடுத்தவர். இப்போது சேருபவர்கள் சுருக்கத்தைப் படித்துவிட்டுத் தேவையான பத்திக்கு நேரே போகிறார்கள். அதனால் முதல் ஆறு மாதங்களுக்கு அவர்களுக்கு மென்பொருளில் கணக்குத் தருவதில்லை. மூத்தவர்கள் கேட்டு வாங்கிய பதில்களைச் சரிபார்க்கும் வேலையை மட்டும், தீர்ப்பின் முழுப் பிரதியுடன், அவர்களிடம் கொடுக்கிறோம். இந்த ஆண்டு சந்தாவைப் புதுப்பித்தபோது சட்டத்துறை மென்பொருளில் ஏழு கணக்குகளை மூன்றாகக் குறைத்து, மிச்சமான பணத்தில் பழைய தீர்ப்புத் தொகுப்பின் சந்தாவை நீட்டித்திருக்கிறோம்.