திருப்பூர் இளைஞர்களின் ஞாயிற்றுக்கிழமை மனு மையம்

திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழும் ஒரு பகுதியில், கல்லூரி மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் சேர்ந்து இலவசமாக மனு எழுதித் தரும் மையம் ஒன்றை நடத்தி வருகிறார்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கியவர்களுக்கு மறுநாள்தான் ஓய்வு கிடைக்கும் என்பதாலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் என்பதாலும், ஞாயிறு காலையில் இதைத் திறந்து வைப்பது மிகவும் பொருத்தமான ஏற்பாடு.

எங்கள் தெருவில் வசிக்கும் செக்கிங் (தைத்த துணியில் குறை பார்க்கும்) வேலைக்காரப் பெண்மணி ஒருவரை அங்கே அழைத்துச் சென்றேன். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தும் பணிக்கொடை தராமல் அவரை ஒரு நிறுவனம் அனுப்பிவிட்டது. அவர் முன்னும் பின்னுமாகச் சொன்னதை ஒரு மாணவி குறுக்கிடாமல் கேட்டு, தேதி வாரியாக எழுதி, உரக்கப் படித்துக் காட்டினாள். "நீங்க சொன்னது இதுதானுங்களாம்மா? மாத்தோணும்னா சொல்லுங்க" என்று கேட்டபோது, "அந்த சூப்பர்வைசர் பேசுனதயும் சேத்து எழுது கண்ணு" என்றார் அந்த அம்மா. அதையும் சேர்த்த பிறகே கையெழுத்து வாங்கினார்கள். இந்த மையத்தின் பெரிய சிறப்பு இதுதான்: பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாக இவர்கள் பேசுவதில்லை, அவருடைய பேச்சு பதிவேட்டில் ஏறும்படி செய்கிறார்கள்.

சாதி வன்கொடுமைப் புகார்களில் இந்த உறுதி இன்னும் அதிகமாக வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் இத்தகைய புகார்கள் காவல் நிலையத்தை எட்டுவதற்குள்ளேயே ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் "பேசி முடிக்க"ப்படுவது வழக்கம். அந்தப் பேச்சில் மையத்து இளைஞர்கள் உட்காருவதே இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்வதை எடுத்துக்காட்டியே மனு எழுதுகிறார்கள். மனு கிடப்பில் போடப்பட்டால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நிலை கேட்கிறார்கள்; முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டையும் அவர்களே எழுதித் தருகிறார்கள். கோவைச் சிறையில் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் ஆலைத் தொழிற்சங்கத் தொழிலாளர் நால்வரின் படம் அந்த அறைச் சுவரில் இருக்கிறது, அவர்களும் இளைஞர்களே.

குறைகளும் உண்டு. பருவத் தேர்வுக் காலத்தில் மையம் மூடப்படுவதை வாட்ஸ்அப்பில் மட்டுமே அறிவிப்பதால், போன் இல்லாத முதியவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டினாலே போதும். அதைவிடப் பெரிய குறை, ஒடியாவோ இந்தியோ பேசும் தொழிலாளர்களுக்கு அங்கே ஆள் இல்லாதது. இன்றைய திருப்பூரில் சம்பளம் மறுக்கப்பட்டும் புகார் சொல்ல வழியில்லாமல் நிற்பவர்களில் அவர்களும் இருக்கும்போது, மொழி தெரிந்த ஓரிருவரையாவது உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செல்பவர்கள் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலைக் கையோடு கொண்டு போவது நல்லது. பக்கத்தில் ஜெராக்ஸ் கடைகள் ஞாயிறன்று திறப்பதில்லை.