எந்தப் பாடத்து 65? மொத்தப் புள்ளியும் இசட் புள்ளியும்

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த அன்று திருகோணமலை உவர்மலையிலிருந்து தங்கச்சியின் மகள் அழைத்தாள். "மாமா, எனக்கும் ஏ, பி, பி. என் சிநேகிதிக்கும் ஏ, பி, பி. பிறகு ஏன் அவளுக்கு மட்டும் இசட் கூட?" பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியைத்தான் கேட்கிறாள். பெறுபேற்றில் பாடத்துக்குரிய தரம்தான் இருக்கும், புள்ளி இருக்காது. 65 எடுத்தாலும் பி, 74 எடுத்தாலும் பி. விடையில் பாதி இதுதான். மறுபாதி, அந்த 65 எந்தப் பாடத்தில் வந்தது என்பது.

நான் எழுதிய தொண்ணூறுகளில் 4 பாடம், மொத்தம் 400 புள்ளி. கூட்டினால் கதை முடிந்தது. பள்ளிக்கூடம் போகாத அம்மாவும் விரல்விட்டுச் சரிபார்க்கலாம். அது சிறிய நன்மை இல்லை. ஆனால் ஒரு வருடம் ஒரு வினாத்தாள் கடினமாக வந்துவிட்டால், அந்தப் பாடத்தை எடுத்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கீழே போவார்கள். கூட்டல் கணக்குக்கு அது தெரியாது.

2001இல் வந்த இசட் முறை அதைச் சரிசெய்யத்தான் வந்தது. பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால், வகுப்பார்கள். விளங்குவதற்காக எண்களை நானே போடுகிறேன். இணைந்த கணிதத்தில் சராசரி 35, விலகல் 20 என்றால் 65க்கு இசட் 1.5. இன்னொரு பாடத்தில் சராசரி 55, விலகல் 10 என்றால் அதே 65க்கு 1.0 மட்டுமே. பழைய கணக்கில் இரண்டும் ஒன்று. இப்படி 3 பாடத்துக்கும் வருவதன் சராசரிதான் இறுதி இசட். சைபர் என்றால் நடுத்தரம். மைனஸ் வந்தால் சராசரிக்குக் கீழே. மைனஸைக் கண்டு 'ஃபெயில்' என்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது ஃபெயில் இல்லை.

வினாத்தாளின் கடினத்தை இசட் பார்க்கிறது. எழுதியவர் யார் என்று பார்ப்பதில்லை. கெட்டிக்காரர் திரண்டிருக்கும் பாடத்தில் நடுவில் நிற்பவருக்கும் சைபர், அப்படி இல்லாத பாடத்தில் நடுவில் நிற்பவருக்கும் சைபர். எல்லாம் எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டக்காரரை ஒன்றாகக் கலந்து கணித்தது பெரும் குழப்பமாகி, உயர் நீதிமன்றம் 2012இல் இரு தொகுதியாகப் பிரித்து மீண்டும் கணிக்கச் சொன்னது.

அவுஸ்திரேலியாவில் இந்தக் குறையை வேறு வழியில் பிடிக்கிறார்கள். ஒரு பாடத்தை எடுத்த பிள்ளைகள் தங்கள் மற்றப் பாடங்களில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்து, அந்தப் பாடத்தின் புள்ளியை ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். விக்டோரியா மாநிலத்தில் பாடப்புள்ளியின் சராசரி 30; கடினமான கணிதத்தை எடுத்தவருக்கு அது ஏறும். எனக்கு இந்த யோசனை பிடிக்கும். ஆனால் அதற்குப் பிள்ளைகள் பாடங்களைக் கலந்து எடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் பயோ, மெத்ஸ், வணிகம் என்று பிரிந்தே நிற்கிறார்கள். அந்த முறை இங்கே பயன்படக்கூடிய இடம் கலைப்பிரிவு. புவியியல், நாடகம், அளவையியல், இந்து நாகரிகம் என்று அங்கேதான் தெரிவு விரிந்து கிடக்கிறது.

இசட்டைத் 'தரப்படுத்தல்' என்று சொல்லும் பெரியவர்கள் ஊரில் இன்னும் உண்டு. அந்தச் சொல்லின் வலி எனக்கும் தெரியும். 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 250 வேண்டும், சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு 229 போதும் என்று வைத்தார்கள். அது மொழியைப் பார்த்துப் போட்ட கோடு. இசட் மொழியைப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் அன்று நடந்த அநியாயம்தான் சிறுத்துப்போகும்.

திருகோணமலைப் பிள்ளைக்கு இசட்டைவிடப் பெரிய விஷயம் பல்கலைக்கழக இட ஒதுக்கீடு. கலைப்பிரிவை விட்டுப் பார்த்தால், பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் நாமும் ஒன்று. வேண்டிய உதவி இது, சந்தேகமில்லை. ஆனால் மாவட்டம் என்ற கோட்டுக்கு உள்ளே அது பார்ப்பதில்லை. ரியூசனுக்காக மூதூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளையும், வெருகலில் பௌதிகவியலுக்கு ஆசிரியரைத் தேடுகிற பிள்ளையும், நகரத்தில் வீட்டு வாசலிலேயே வகுப்பு உள்ள பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். எந்தச் சூத்திரமும் இதைத் தொடவில்லை.

மருமகளிடம் இதையெல்லாம் அன்று சொல்லவில்லை. "சிநேகிதியின் இசட்டை விடு மகள், உன் மாவட்ட நிலை எத்தனை?" என்றுதான் கேட்டேன். பார்த்துச் சொன்னாள். போன வருடம் திருகோணமலைக்கு விழுந்த வெட்டுப்புள்ளியை, அதாவது இடம் கிடைத்த மிகக் குறைந்த இசட்டை, எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் துறை துறையாகப் பார்க்கத் தொடங்கினோம்.