ரிசர்வ் ஓட்டுநர் இடம்: சம்பளத்துக்கா, கட்டணத்துக்கா?

ஃபார்முலா 1 அணிகளின் ரிசர்வ் ஓட்டுநர்கள் (முதன்மை ஓட்டுநரால் ஓட்ட முடியாதபோது இறங்க வைத்திருக்கப்படும் மாற்று ஓட்டுநர்கள்) அந்த இடத்துக்காகப் பணம் கட்டுகிறார்களா என்று கேட்பவர்களுக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. அணி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் அனுபவசாலி, அணியே வளர்த்தெடுக்கும் இளைஞர், விளம்பரதாரரின் பணத்தோடு வந்து சேர்பவர் என மூவருமே இந்தப் பதவிப் பெயரோடுதான் உலவுகிறார்கள். பணம் கொண்டுவந்தவர் என்றாலே திறமையற்றவர் என்று முடிவுகட்டும் வழக்கம் தவறானது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

முதலில் அனுபவசாலியை எடுத்துக்கொள்வோம். பந்தயப் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டம் நடத்துவது 2009-இல் தடைசெய்யப்படும்வரை, சோதனை ஓட்டுநர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் மெக்லாரன் அணியின் பெட்ரோ டி லா ரோசாவால் 2005 பஹ்ரைன் பந்தயத்தில் மாற்றாக இறங்கி, 5-ஆம் இடத்தோடு அன்றைய அதிவேகச் சுற்றையும் பதிவுசெய்ய முடிந்தது. தடை வந்த ஆண்டிலேயே நிலைமை தலைகீழானது. பத்தாண்டுக்கும் மேலாக ஃபெராரியின் சோதனை ஓட்டுநராக இருந்த லூகா பாடோயர், காயமடைந்த ஃபிலிப்பி மாசாவுக்குப் பதிலாக வலென்சியாவிலும் ஸ்பாவிலும் இறங்கி, இரண்டு தகுதிச் சுற்றுகளிலும் கடைசி இடத்தையே பெற்றார். இன்று இவ்வகை ஓட்டுநரின் உழைப்பு பெரும்பாலும் சிமுலேட்டரில் கழிகிறது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியின் தரவுகள் தொழிற்சாலைக்கு வந்ததும், இறக்கையின் கோணத்தையும் சஸ்பென்ஷன் அமைப்பையும் மாற்றி மாற்றி இரவு வெகுநேரம்வரை ஓட்டிப் பார்த்து, சனிக்கிழமைக்கான முடிவை எடுக்கப் பொறியாளர்களுக்கு அவர் உதவுகிறார். இந்த வேலைக்கு அணிதான் பணம் கொடுக்கும். ஓட்டுநரிடம் கேட்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இளைஞரின் நிலை வேறு. அணியின் இளம் ஓட்டுநர் பயிற்சித் திட்டமான அகாடமியில் சேர்க்கப்பட்டவருக்காகப் பயிற்சிச் செலவின் பெரும்பகுதியை அணி ஏற்கலாம். அதற்கு ஈடாக அவருடைய எதிர்காலம் அணியின் கைக்குப் போகிறது. 2024-இல் கார்லோஸ் சைன்ஸுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தபோது, 18 வயது ஆலிவர் பேர்மன் ஜெட்டாவில் ஃபெராரி காரில் இறங்கி 7-ஆம் இடம் பிடித்தார். ஆல்பீன் அணியின் அனுபவம் இதற்கு நேர்மாறானது: 2022-இல் தன் ரிசர்வ் ஓட்டுநரான ஆஸ்கர் பியாஸ்ட்ரிக்குப் பழைய காரில் விரிவான சோதனை வாய்ப்புகளை அளித்தும், மெக்லாரனோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தமே செல்லும் என்ற தீர்ப்பால் அவரை இழந்தது. ஆகவே இங்கே பண இழப்புக்கு அஞ்ச வேண்டியது அணிதான். ஓட்டுநர் அஞ்ச வேண்டியது காத்திருப்புக்கு. 2022-இல் ஃபார்முலா 1-க்கு அடுத்த கீழ்நிலைப் போட்டியான ஃபார்முலா 2-இல் சாம்பியனான ஃபிலிப்பி ட்ருகோவிச், ஆஸ்டன் மார்ட்டினில் ஆண்டுக்கணக்கில் ரிசர்வாகவே இருந்தார்.

மூன்றாவது வகைதான் சர்ச்சைக்குரியது. ஒப்பந்தத் தொகைகள் வெளியிடப்படுவதில்லை என்றாலும், காரின் மேல் எழுதியிருக்கும் பெயர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிபவை. 2020-இல் ராபர்ட் குபிட்சா ரிசர்வ் ஓட்டுநராக வந்தபோது, போலந்தின் ஓர்லென் எண்ணெய் நிறுவனமும் கூடவே வந்து, அணியின் பெயரே ஆல்ஃபா ரோமியோ ரேசிங் ஓர்லென் என்றானது. 2023-இல் ஓர்லென் ஆல்ஃபாடாவ்ரிக்கு மாறிய சமயத்தில் குபிட்சாவும் ஆல்ஃபா ரோமியோவில் இல்லை. இதை வைத்து அவர் இடத்தை விலைக்கு வாங்கினார் என்று சொல்வது எளிது. ஆனால் அவர் 2008 கனடா கிராண்ட் ப்ரீயை வென்றவர், 2021-இல் கிமி ரைக்கோனன் கோவிட் தொற்றால் ஒதுங்கியபோது இரண்டு பந்தயங்களில் இறங்கியும் ஓட்டினார். பணமும் தகுதியும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கசப்பான எடுத்துக்காட்டு கீடோ வான் டெர் கார்டே. 2014-இல் சாபர் அணியின் ரிசர்வ் ஓட்டுநராக இருந்த அவர், 2015 பருவத்துக்கான விளம்பரதாரர் தொகை முழுவதும் 2014-இன் முற்பாதியிலேயே செலுத்தப்பட்டுவிட்டதாகப் பின்னர் வெளிப்படையாக எழுதினார். இடமோ வேறு இருவருக்குப் போனது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது; 2015 மெல்பர்ன் பந்தயத்தின் முதல் பயிற்சி அமர்வில் சாபர் கார்கள் வெளியே வரவே இல்லை. இறுதியில் ஏறத்தாழ 15 மில்லியன் யூரோ இழப்பீடு பெற்றுக்கொண்டு அவர் விலகியதாகச் செய்திகள் வெளியாயின. வழக்கில் வென்றவருக்குக் கிடைத்தது பணம் மட்டுமே. ஃபார்முலா 1-இல் அவர் மறுபடி பந்தயம் ஓட்டவில்லை.

ரிசர்வ் என்ற பதவி தன்னளவில் எதற்கும் உத்தரவாதம் தராது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 2020 சாகிர் பந்தயத்துக்கு லூயிஸ் ஹாமில்டன் வர முடியாதபோது, மெர்சிடிஸ் தன் ரிசர்வ் ஓட்டுநர் ஸ்டோஃபல் வாண்டோர்னைக் கடந்து, வில்லியம்ஸில் இருந்த ஜார்ஜ் ரஸலைத்தான் அழைத்தது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இளைஞருக்கு அகாடமியே முதல் தேர்வு. வயதும் அனுபவமும் கூடியவருக்குச் சம்பள வேலை கௌரவமானது. பணம் கொண்டுபோவதென்றால், எந்தெந்தப் பயிற்சி அமர்வுகள், பழைய காரில் எத்தனை நாள் சோதனை என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அணியும் பருவத்துக்கு நான்கு பயிற்சி அமர்வுகளைப் புதுமுகங்களுக்குத் தர வேண்டும் என்ற 2025 விதி, இப்படிக் கேட்பதற்கு நல்ல பிடிமானம். வெறும் பதவிப் பெயருக்கும் அணியின் சட்டைக்கும் மட்டும் கேட்கப்படும் தொகையை ஃபார்முலா 2-இல் இன்னொரு பருவத்துக்குச் செலவிடுவதே மேல்: அங்கே முதல் மூன்று இடங்களில் எதைப் பிடித்தாலும் ஃபார்முலா 1-இல் ஓட்டுவதற்கான உரிமமான சூப்பர் லைசென்ஸுக்குத் தேவையான 40 புள்ளிகளும் கிடைக்கின்றன, ஃபார்முலா 1 பயிற்சி அமர்வில் 100 கிலோமீட்டர் பிழையின்றி ஓட்டி முடிப்பவருக்குக் கிடைப்பதோ 1 புள்ளி.