ட்ரையர் ஓடினால் எரிகிற மாடிப்படி விளக்கு: எக்ஸ்10 சாதனங்களோடு பல வருட அனுபவம்

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டில், பழைய சொந்தக்காரர் எக்ஸ்10 சுவிட்சுகளை, அதாவது விளக்குகளைத் தூரத்திலிருந்தே போட்டு அணைக்க உதவும் சாதனங்களை, அப்படியே விட்டுப் போயிருந்தார். வைஃபை கிடையாது, தனி வயர் கிடையாது; கட்டளை போவது சுவரில் ஓடும் அதே கரண்ட் கம்பியில்தான். விளக்குகள் தானாக எரிவதும், போட்டால் எரியாமல் போவதுமாக ஆட்டம் காட்டியதால் "தூக்கிப் போடுங்க" என்று சொல்லாத நண்பர் இல்லை. நான் தூக்கிப் போடவில்லை. கோளாறு பெரும்பாலும் கட்டளையைக் கேட்டு விளக்கைப் போடும் மாட்யூலில் இருப்பதில்லை, அதே கம்பியில் செருகியிருக்கும் மற்ற சாமான்களில்தான் இருக்கிறது என்பது இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்தது.

முதலில் இது எப்படிப் பேசுகிறது என்று சுருக்கமாக. ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் 1975இல் உருவாக்கிய முறை, 1978இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் பூஜ்யத்தைத் தொடும் நேரத்தில் 120 கிலோஹெர்ட்ஸில் 1 மில்லிவிநாடி அளவுக்கு ஒரு துடிப்பு. இந்தத் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் கட்டளை. முகவரி, வேலை இரண்டையும் சொல்லி முடிக்க 47 சுற்று ஆகும், அதாவது முக்கால் விநாடிக்குச் சற்று மேல். சாதாரண மாட்யூல் "வந்து சேர்ந்தது" என்று பதில் சொல்லாது. அதனால் கட்டளை வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது, நீங்கள் இருட்டில் நிற்பீர்கள்.

எங்கள் வீட்டின் முதல் புதிர் மாடிப்படி விளக்கு. சில நாள் எரியும், சில நாள் எரியாது. ஒரு சனிக்கிழமை துணி உலர்த்தும்போது என் மனைவி, "என்னங்க, ட்ரையர் ஓடும்போது மட்டும் இந்த லைட் ஒழுங்கா எரியுது, கவனிச்சீங்களா?" என்றாள். அதுதான் விடை. அமெரிக்க வீட்டுக்கு வருவது 120 வோல்ட் கொண்ட இரண்டு லைன்கள். வீட்டில் பாதி ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் இருக்கும். ஒரு லைனில் கிளம்பிய சிக்னல் மறு லைனுக்குப் போக வேண்டுமானால் தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்ப வேண்டும், வருவதற்குள் தேய்ந்துவிடும். எலெக்ட்ரிக் ட்ரையர் 240 வோல்ட் சாதனம், இரண்டு லைனிலும் கால் வைத்திருக்கிறது. அது ஓடும்போது அதன் ஹீட்டர் வழியே சிக்னல் குறுக்கே தாவிவிடுகிறது. இதற்கென்றே ஃபேஸ் கப்ளர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. 240 வோல்ட் இரட்டை பிரேக்கரில் இணைக்க வேண்டும். பேனலைத் திறக்கிற வேலை என்பதால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பெரிய வீடாக இருந்தால், வெறுமனே கடத்திவிடாமல் சிக்னலைப் பெருக்கியும் அனுப்பும் ரிப்பீட்டர் வகை நல்லது.

அப்புறம் வந்தது சிக்னலைக் குடிப்பவர்களின் பிரச்சினை. இங்கேதான் நிறையப் பேர் மாட்யூலை மாற்றிப் பணத்தைக் கரைக்கிறார்கள். கம்ப்யூட்டர், டிவி, யூபிஎஸ், சர்ஜ் ப்ரொடெக்டர் எல்லாவற்றின் உள்ளேயும் வாசலிலேயே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே. சாதாரண 0.1 மைக்ரோஃபாரட் என்றே வைத்துக்கொள்வோம். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது சுமார் 26,500 ஓம், இருப்பதே தெரியாது. 120 கிலோஹெர்ட்ஸ் சிக்னலுக்கு வெறும் 13 ஓம், சிக்னல் அந்த வழியே வடிந்துவிடும். வீட்டில் இப்படிப் பத்துப் பதினைந்து இருந்தால் சிக்னலுக்கு என்ன மிஞ்சும்?

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சிக்னல் மீட்டர் வேண்டும். பிளக்கில் செருகினால் அங்கே எவ்வளவு வந்து சேர்கிறது என்று காட்டும். இந்த மொத்த விவகாரத்தில் நான் செலவழித்ததில் உருப்படியான செலவு அதுதான். 0.1 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாட்யூல் கேட்கும் என்று நம்ப முடியாது. வேட்டை எளிது, பொறுமைதான் வேண்டும்: கட்டளை அனுப்பும் பெட்டியின் பிரேக்கரையும் மீட்டர் இருக்கும் பிரேக்கரையும் விட்டு மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். எந்த பிரேக்கரில் எண் சரிகிறதோ அந்த அறைக்குப் போய் ஒவ்வொரு பிளக்காகக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். சாதனம் அணைந்திருந்தாலும் அந்தக் கெப்பாசிட்டர் கம்பியோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

எங்கள் வீட்டில் பெரிய குற்றவாளி என் அலுவலக அறை யூபிஎஸ். அதைப் பிடுங்கியதும் சமையலறை மீட்டரில் எண் பல மடங்கு ஏறியது. சுவருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் நடுவே, அது சிக்னலைக் குடிக்காமல் தடுக்கும் ஒரு பிளக்-இன் ஃபில்டர் வைத்தேன், அவ்வளவுதான். டிவி பக்கம் எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரிப்பில் சேர்த்து, ஸ்ட்ரிப்புக்கு ஒரு ஃபில்டர். அதில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள்; 5 ஆம்பியர் ஃபில்டரில் லேசர் பிரிண்டரைச் செருகக் கூடாது.

இரைச்சல் வேறு நோய். இங்கே சிக்னல் குறையாது. யாரும் எதுவும் அனுப்பாத நேரத்திலும் மீட்டர் துள்ளும். மலிவான சார்ஜர்களும் சில எல்இடி பல்புகளும் இதைச் செய்யும். பல்புக்கு ஃபில்டர் வைப்பது நடைமுறையில் கஷ்டம். வேறு பிராண்ட் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ராத்திரியில் விளக்கு தானாக எரிந்தால் பேய் என்று நினைப்பதற்கு முன் வீட்டுக் குறியீட்டை, அதாவது கட்டளை எந்த வீட்டுக்கு என்று சொல்லும் எழுத்தைப் பாருங்கள். மொத்தம் 16 குறியீடுதான். பெட்டியைப் பிரித்ததும் 'ஏ' என்றே இருக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் பக்கத்து வீட்டிலும் யாராவது 'ஏ' வைத்திருந்தால் அவர்கள் பொத்தான் உங்கள் விளக்கைப் போடும்.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். வயரோடு ரேடியோவையும் சேர்த்து, பதிலும் சொல்லும் முறைகள் பின்னால் வந்துவிட்டன. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: 2022 ஏப்ரலில், இதே போல வீட்டு விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சாதனங்கள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் திடீரென்று நின்றபோது அதன் ஹப்பை நம்பியவர்கள் ஆப்பைத் தட்டித் தட்டிச் சலித்தார்கள். எக்ஸ்10 எந்தச் சர்வரையும் கேட்பதில்லை. ஏற்கெனவே சுவரில் இருக்கிறது என்றால் மீட்டரும் நாலு ஃபில்டரும் வாங்குவது, முழுவதையும் மாற்றுவதை விட மலிவு. ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், இங்கே விற்பது 120 வோல்ட் மாட்யூல், அங்கே 230.

சாப்பாட்டு அறையில் மட்டும் தோற்றேன். அங்கிருக்கும் பழைய டிம்மர் சுவிட்சுக்கு நியூட்ரல் வயர் இல்லை, எல்இடி பல்பு போட்டால் அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கும். சாதாரணச் சுவிட்ச் மாட்டிவிட்டேன். எழுந்து போய்த்தான் போட வேண்டும்.