பழைய பாசி பார்க்க ஒரு பத்து மடங்கு லென்ஸ்

புதுச்சேரியில் பாசிமணி கோத்து விற்கிறேன். பக்கத்திலேயே அரிக்கமேடு, பழங்காலத்தில் கண்ணாடி மணி செய்த துறைமுக ஊர். "இது அரிக்கமேட்டு மணியா பாருங்கக்கா" என்று யாராவது ஒரு சரத்தை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். அதற்காகவே இந்த லென்ஸை வாங்கினேன். உறைக்குள் மடக்குகிற சின்ன வகை, 10 மடங்கு, மூன்று கண்ணாடி ஒட்டிய ட்ரிப்லெட். விலை ஆயிரத்துக்குள்.

படம் ஓரம் வரை தெளிவாக இருக்கிறது, விளிம்பில் வண்ணம் கசிவதில்லை. கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மணியை இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குப் பக்கத்தில் கொண்டு வரவேண்டும். கை பழகக் கொஞ்சம் நாளாகும்.

பழகிவிட்டால் மணி பேச ஆரம்பிக்கும். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத செங்கல் சிவப்பு மணி ஒன்றை இதில் பார்த்தேன். மேலே மெல்லிய கருங்கோடுகள், எல்லாம் துளையின் போக்கிலேயே ஓடுகின்றன. பக்கத்து நீல மணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், உள்ளே காற்றுக் குமிழ்கள் அரிசி மாதிரி நீண்டு, அதே திசையில் கிடக்கின்றன. அப்படியென்றால் அது இழுத்த மணி. உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, துண்டு போட்டு, மறுபடி சூடு காட்டி முனையை மழுக்கியது. கம்பியில் சுற்றிச் செய்திருந்தால் கோடும் குமிழும் துளையைச் சுற்றி வளையும். அரிக்கமேடு பேர்போனது இழுத்த மணிக்குத்தான். மணி ஆய்வாளர் பீட்டர் ஃப்ரான்சிஸ் 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டது இந்த ரகத்துக்கே.

சரி, வயசு? அங்கே இந்த லென்ஸ் நின்றுவிடுகிறது. எந்த லென்ஸும் நின்றுவிடும். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இதே இழுக்கும் முறையில் நம் காலத்திலும் மணி செய்திருக்கிறார்கள். கோடும் குமிழும் அதிலும் அப்படியேதான் இருக்கும். மேற்பரப்பு உதிர்ந்து மங்கியிருப்பது பழமைக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அதைச் செயற்கையாகவும் கொண்டுவரலாம். எலும்புக்கும் மரத்துக்கும் கார்பனை வைத்து வயசு கணக்கிடுவதுபோல் கண்ணாடிக்குப் போட முடியாது. மணி எந்த மண்ணடுக்கில், எதோடு கிடந்தது என்பதுதான் அதன் காலம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டின் அடுக்குகளுக்குக் காலம் சொன்னது, கூடவே கிடைத்த, காலம் ஏற்கெனவே தெரிந்த 'அரெட்டைன்' என்ற இத்தாலியப் பானை ஓடுகளை வைத்துத்தான். மழைக்குப் பின் ஆற்றங்கரையில் பொறுக்கிய மணிக்கு அந்தச் சாட்சி போய்விட்டது. தயவுசெய்து பொறுக்காதீர்கள்.

எந்த ஊர்க் கண்ணாடி என்பதற்கு ஆய்வகம்தான் கதி. லேசரால் கண்ணுக்குத் தெரியாத துளி எடுத்து, என்னென்ன தனிமம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூக்கலான சோடாக் கண்ணாடி என்றால் தெற்காசியா பக்கம் கை காட்டும். ரோமானியர் நேட்ரான் என்ற இயற்கைச் சோடா உப்பு போட்டுச் செய்ததில் அலுமினா குறைவு. இங்கே ஒரு கடையில் சரத்தோடு '2000 ஆண்டு பழமை' என்று அச்சடித்த சீட்டு கொடுக்கிறார்கள். எந்த அகழாய்வு, எந்தச் சோதனை என்று அதில் ஒரு வரி கிடையாது. அந்தச் சீட்டுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கவேண்டாம்.

லென்ஸில் குறை என்றால், மடக்கும் திருகு சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. சின்ன ஸ்க்ரூடிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வைத்த மாடலும் இருக்கிறது, வேண்டாம். சிவப்பு மணியில் அந்த வெளிச்சம் பளீரென்று அடித்துக் கோடுகளை மறைத்துவிடும். காலை வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பதே மேல்.